நீந்தத் தெரியுமா: ஓம்

ஏப்ரல் 7, செவ்வாய்

காற்றே இல்லை. ஆலங்குடாவில் பட்டம் பிடித்துக் கடலில் ஓடும் வெள்ளைக்காரர் எல்லாம் போய்விட்டார்கள். ஹோட்டலில் இன்று துவைக்க இரண்டே விரிப்பு.

ஞாயிறு மலைநாட்டுப் பயணம். வேலையாட்களுக்கு முதலாளியின் செலவில். காட்டுக்குள் ஒரு நாள், வழிகாட்டியோடு. கம்பியில் தொங்கிப் பள்ளத்தைக் கடப்பது, பிறகு குகைக்குள் நீச்சல். ஆளுக்கு ஒரு துணை வரலாம். எனக்கு என் மனுசன்தான். இப்போதே அவருக்கு முகம் வெளிறிவிட்டது.

படிவம் நிரப்பினேன். பிரஷர்: இல்லை. வலிப்பு: இல்லை. நீந்தத் தெரியுமா: ஓம். அழுத்தி எழுதினேன். சமையலறை ஸரீனா எட்டிப் பார்த்தாள்.

"பொய்தானே ராத்தா? நீங்க கடல்ல கால் நனைச்சும் நான் கண்டதில்ல."

பொய்யாம்! இவளுக்கு என்ன தெரியும்.

8, புதன்

எடுக்க வேண்டியவை: துவாய் 2, மாற்றுடுப்பு, வழுக்காத சப்பாத்து, அட்டைக்கு உப்பு (புத்தளத்தில் அதற்கா பஞ்சம்). உடலோடு ஒட்டிய உடுப்பு என்றும் போட்டிருக்கிறது. மகளின் விளையாட்டு உடுப்பைப் போட்டுப் பார்த்துப் பையில் வைத்தேன். மூச்சு முட்டுகிறது.

மன்னாரில் எனக்குப் பத்து வயது. என் கூடப்பிறந்த நானா மட்டை உரிக்காத வறட்டுத் தேங்காய் இரண்டை, மேல் நாரைக் கொஞ்சம் கிளப்பி அந்த நாராலேயே ஒன்றோடொன்று கட்டி, நெஞ்சுக்குக் கீழே கொடுத்து நீந்தப் பழக்கினார். ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு தேங்காயைக் கழற்றினார். தோணிவரை நானே நீந்தினேன். அந்த உப்புத் தண்ணீரின் சூடு இன்னும் தோலில் இருக்கிறது.

அடுத்த கிழமை ஊரைவிட்டு வந்தோம். தொண்ணூறாம் ஆண்டு, முஸ்லிம்களை எல்லாம் வெளியேறச் சொன்ன நேரம். கற்பிட்டிக்குப் படகு. அலை. எல்லாரும் அழ, நானா என் காதில், "உனக்கென்ன பயம்? உனக்குத்தான் நீந்தத் தெரியுமே" என்றார். நான் அழவில்லை. உம்மாவின் தையல் மெஷின், பெட்டி, வீடு எல்லாம் அங்கே. நீச்சல் மட்டும் என்னோடு வந்தது. பிறகு வயதுக்கு வந்தது, கலியாணம், பிள்ளைகள். தண்ணீரில் இறங்கவே இல்லை.

9, வியாழன்

கரைத்தீவு, நானா வீடு. ஞாயிற்றுப் பயணத்தைச் சொல்லி, நீச்சல் இன்னும் இருக்கிறதா என்று பார்க்கத்தான் போனேன். பின்னால் களப்புத் தண்ணீர், ஆள் நடமாட்டம் இல்லை. இடுப்பளவு போய்ப் படுத்தேன். கல்லு மாதிரி கீழே. இரண்டு மிடறு உப்புத் தண்ணீர். மறுபடியும் அதே.

நானா சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

"தங்கச்சி, ஒரு கதை சொல்லோணும். அண்டைக்குத் தேங்காயக் கழட்டினது மெய். ஆனா பின்னால உன்ட சட்ட நுனியப் பிடிச்சிட்டுத்தான் வந்தன்."

"தோணி வரைக்குமா?"

"ஓம்."

"ஏன் இவ்வளவு காலமும் சொல்லல்ல?"

"படகில நீ அழாம ஈக்கணுமே. பிறகு எப்படிச் சொல்ற?"

ஈர உடுப்போடேயே கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் அழுகை. ஐம்பதை நெருங்கிக்கொண்டு என்ன அழுகை. ஆனாலும் கோபம் கோபமாக வருகிறது. கொண்டுவந்தது அது ஒன்றுதான் என்று இருந்தேனே.

10, வெள்ளி

போகவில்லை என்று ஸரீனாவிடம் சொன்னேன். காரணம் சொல்லவில்லை. அவள் விடுவாளா, வழிகாட்டிக்கே போனில் கோல் எடுத்துவிட்டாள். சிங்களப் பொடியன், உடைந்த தமிழ். "அக்கா பயம் வேணாம். நீந்தத் தெரியாட்டி மிதக்கிற ஜாக்கெட் குடுக்கிறது. பக்கத்தில ஒரு ஆள் பிடிச்சா சரி."

வீட்டில் இவரிடம், கூட வந்து பிடிப்பீர்களா என்று கேட்டேன். "எனக்கு அந்தக் கம்பியெல்லாம் ஏலாது புள்ள. என்ன உட்டுடு."

ஆகவே பயணம் இல்லை.

11, சனி

வெக்கை. பகல் சாப்பாட்டுக்கு வந்தால் பாணும் சம்பலும் தயார். இவர் கையால்! ஒரே பெருமை.

"உன்ட நானா த்ரீவீலர்ல தேங்காய் ரெண்டு அனுப்பியிருக்கார். பாரு, உருண்டு போகாம ஒண்டா நாரால கட்டி. நல்ல மனுசன்."

கட்டி. நாரால். ஓடிப் பார்த்தேன். ஒன்று அப்படியே கிடக்கிறது. மற்றது என் சாப்பாட்டுக் கோப்பையில், சம்பலாக, மிளகாயோடு.

சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. இவர் முதுகில் தட்டினார், விளங்காமலே.

நானாவுக்குப் போன் எடுத்தேன்.

"மத்தத உரிச்சுச் சம்பல் போட்டாச்சு."

"நல்ல தேங்காயா?"

"நல்ல தேங்காய்."

"அப்ப நாளைக்கு என்ன செய்யப் போற?"

"உங்க மச்சான் வரமாட்டாராம். ஒரு இடம் இருக்கு."

"பஸ் எத்தன மணிக்கு?"

"விடிய சுபஹு தொழுதுட்டு வாங்க."

படிவத்தைத் திரும்ப வாங்கி "ஓம்" என்பதை வெட்டி எழுதினேன்: இல்லை. துணை: நானா.

மகளின் உடுப்பை வெளியே எடுத்துவிட்டு, என் பச்சைச் சட்டையை வைத்தேன். நுனி நீளமானது. பிடிக்க வேண்டுமே.