துவக்கில் பூட்டிய டோர்ச்

றம்ஸியா,

உம்மா வீட்டில் நீ நன்றாகத் தூங்குகிறாயா?

துவக்கில் டோர்ச் பூட்டிய அன்று, "அதக் கையில புடிச்சாப் போதாதா?" என்று கேட்டாய். துவக்குக்கு இரண்டு கையும் வேண்டும் என்றேன். மரவள்ளியைத் தோண்டும் பன்றியைச் சுடத்தான் என்றேன். திகனக் கலவரத்தில் நம் கடையை எரித்தவர்களை நினைத்துத்தான் பூட்டினேன். உனக்கும் அது தெரியும்.

அன்று இருட்டும் வேளை, மஃரிபு தொழுகை நேரம் கரண்ட் போனது. குசினியில் சத்தம். யாரென்று பார்க்க வெளிச்சம் வேண்டும்; வெளிச்சம் விழ வேண்டுமானால் துவக்குக் குழலை அங்கே நீட்ட வேண்டும். நீட்டினேன்.

மிக நல்ல வெளிச்சம். உன் கையிலிருந்த தேங்காய்ப் பாதிகூடத் தெளிவாகத் தெரிந்தது.

"நாந்தான்... நாந்தான்" என்றாய்.

என் விரல் எங்கே இருந்தது என்று நீ கேட்கவேயில்லை. விசையில்தான் இருந்தது.

மறுநாள் பட்டப்பகலில், நான் இருந்த அறைக்கு வெளியே நின்று, "நான் றம்ஸியா, உள்ளுக்கு வாறேன்" என்றாய். பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. மாலையில் பிள்ளையும் அப்படியே பெயர் சொல்லிவிட்டு உள்ளே வந்தாள்.

துவக்கைப் பொலிஸில் ஒப்படைத்துவிட்டேன். திரும்பி வரச் சொல்லும் தைரியம் இல்லை. வந்தால், இரண்டு பேரும் பெயர் சொல்லாமல் உள்ளே வாருங்கள்.

உன் பிள்ளையின் வாப்பா