பாலத்தில் உட்கார்ந்திருந்த மஞ்சள் சட்டைக்காரி

என் செல்ல அக்காவுக்கு,

கோபித்துக்கொள்ளாதே. உன் வீடியோ கேம் கன்ட்ரோலரை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டேன். "நான் ஆஸ்பத்திரிலேர்ந்து வர்ற வரைக்கும் அந்தப் பாலத்துல கை வைக்காதடி, நான் இல்லாம முடிச்சே, தொலைச்சிடுவேன்" என்று நீ மிரட்டியது இன்னும் காதில் இருக்கிறது. நீ வரவில்லை. எட்டு மாதம் நானும் அந்தப் பக்கமே போகவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை சொல் தவறிவிட்டேன். யாரிடம் கொடுத்தேன் தெரியுமா? அத்தானிடம்!

ஆமாம், உன் புருஷன்தான். நாம் இரண்டு பேரும் டி.வி. முன்னால் உட்கார்ந்தாலே "அம்பது வயசுல இன்னா வெளாட்டு இது" என்று முனகிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவாரே, அதே மனிதர்.

உன் மகள் பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது விட்டுப்போன விளையாட்டுப் பெட்டி அது. தூசு தட்டப் போய்த்தானே நாம் மாட்டிக்கொண்டோம்? பாதி தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும் ஒரு நகரம். அதில் இரண்டு பெண் பிள்ளைகள், ஒருத்திக்கு மஞ்சள் மழைச்சட்டை, மற்றவளுக்கு நீலம். ஒருத்தி இரும்புத் தகட்டின் மேல் நின்றால்தான் மற்றவளுக்குக் கதவு திறக்கும், பலகை நீளும். முதல் தெருவைப் பார்த்ததுமே "இது நம்ம மாம்பலம்டி, நவம்பர் மாசம்" என்றாய். பார்க்கிற இடமெல்லாம் பள்ளம், தகரத் தடுப்பு, ஆடுகிற பலகை. மெட்ரோ வேலை நடக்கிற லஸ் வழியாகத் தினமும் பாடம் நடத்தப் போய் வந்த டீச்சருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? மஞ்சள் சட்டைக்காரி நீ. பட் பட்டென்று தாவுவாய். அடையாறில் பல் டாக்டரிடம் நாள் முழுக்க டோக்கன் கொடுத்துக்கொண்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கும் எனக்குத்தான் ஒன்றும் வராது. தகட்டின் மேல் நிற்பதோடு என் வேலை முடிந்துவிடும்.

அத்தானைப் பற்றி உனக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. நீ போனதிலிருந்து அவர் பூசைக்குப் போவதில்லை. ஈக்காட்டுத்தாங்கல் பட்டறைக்குப் போகிறார், வருகிறார், அவ்வளவுதான். பங்குச் சாமியார் இரண்டு முறை சாந்தோம் வீட்டுக்கே வந்து பார்த்தார். இவர் காபி கொடுத்து மரியாதையாக அனுப்பிவிட்டார். கோபம் யார் மேல் என்று எனக்கும் தெரியும், சாமியாருக்கும் தெரியும். கேட்கத்தான் யாருக்கும் தைரியமில்லை.

போன ஞாயிறு மதியம் வஞ்சிரம் குழம்பு எடுத்துக்கொண்டு போனேன். பட்டறைச் சாமானைத் துடைப்பது மாதிரி, ஒரு துணியால் உன் கன்ட்ரோலரைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்ததில் எந்தப் பட்டன் அமுங்கியதோ, பெட்டி உயிர் பெற்று டி.வி.யில் நம் பாலம் வந்து நின்றது. நாம் விட்ட அதே இடம். நீலச் சட்டைக்காரி கம்பத்தில் சாய்ந்து தூங்குகிறாள். மஞ்சள் சட்டைக்காரி பாலத்தின் விளிம்பில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருக்கிறாள்.

"இதுல அவ எதும்மா?" என்றார்.

"மஞ்சள், அத்தான்."

டி.வி. பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். பிறகு, "இன்னாமா, எட்டு மாசமா இங்கயே உக்காந்துகினு கீறாளா?" என்று கேட்டார்.

யாரும் தொடாவிட்டால் அவர்கள் தாமாகவே உட்கார்ந்துவிடுவார்கள், இது வெறும் படம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"பாவம்மா. அந்தாண்ட கொண்டு போய் உட்டுடலாம். எந்த பட்டன் இன்னாதுன்னு சொல்லு."

இதற்கு மேலும் உன் சட்டத்தை நான் எப்படிக் காப்பாற்றுவது, சொல்!

அக்கா, உன் புருஷனோடு விளையாடுவதற்கு யோபுவின் பொறுமை வேண்டும். ஒரு தாவலுக்கு முன் இந்தக் கோடி வரை நடந்து பார்க்கிறார், அந்தக் கோடி வரை நடந்து பார்க்கிறார், விரலால் டி.வி.யை அளக்கிறார். முதல் தடவை உன் ஆள் தண்ணீரில் விழுந்ததும் "ஐயோ!" என்று எழுந்தே நின்றுவிட்டார். மூன்று நொடியில் அவள் விளக்குக் கம்பத்தடியில் முளைத்தாள். "வந்துட்டா!" என்றார். அந்த ஒரு வார்த்தையை என்னால் தாங்க முடியவில்லை. தண்ணீர் குடிக்கப் போவது போல் உள்ளே போய்விட்டு வந்தேன்.

பாதிப் பாலத்தில் அந்த மாதா கோயில் வருமே, மணி அடித்ததும் பலகை சரிய ஆரம்பிக்கும், அந்த நொடியிலேயே தாவ வேண்டும். நீ அங்கேதான் செத்துச் செத்துப் பிழைத்தாய். பஸ்ஸில் போனாலும் கோயிலைக் கண்டால் தானாக நெற்றிக்குப் போகிற கை, மணிச் சத்தம் கேட்டதும் பட்டனை விட்டுவிட்டுச் சிலுவை போடக் கிளம்பிவிடும். உன்னை எவ்வளவு திட்டியிருப்பேன்!

அத்தானும் அங்கே வந்தார். மணி அடித்தது. எட்டு மாதமாகக் கோயில் வாசலை மிதிக்காத மனிதரின் வலது கை, பட்டனை விட்டுவிட்டு நெற்றிக்குப் போனது. உன் ஆள் தொப்பென்று விழுந்தாள். அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவரும் சிரித்துவிட்டார், அக்கா. அவர் சிரித்து நான் பார்த்து எத்தனை நாளாயிற்று!

அடுத்த தடவையும் அதே கதை. அதற்கடுத்த தடவையும்.

"அத்தான், எனக்குத் தகட்டு மேல சும்மா நிக்கிற வேலைதானே? உங்க பங்குக்கும் சேத்து நானே சிலுவை போட்டுக்கிறேன். நீங்க பட்டனை விடாதீங்க."

மணி அடித்தது. அவர் பேருக்கு நான் சிலுவை போட்டேன். அவர் தாவினார்.

மஞ்சள் சட்டைக்காரி அக்கரை சேர்ந்துவிட்டாள். எங்கே பார்த்தாலும் வெளிச்சம், தண்ணீரே இல்லாத தெரு, நாம் இதுவரை பார்க்காத வீடுகள். நான் மட்டும் இக்கரையில் தகட்டின் மேல் நிற்கிறேன்.

"இப்ப நீ எப்டிமா வருவ?"

"அவ பக்கத்துல ஒரு கைப்பிடி இருக்கு பாருங்க. அதை இழுத்தா எனக்கும் பலகை வரும். இழுங்க, முடிஞ்சிடும்."

அவர் இழுக்கவில்லை. என்னைப் பார்த்தார், டி.வி.யைப் பார்த்தார், கன்ட்ரோலரை மெல்ல டீப்பாய் மேல் வைத்தார்.

"அவ போய் சேந்துட்டா இல்ல, அது போதும். நீ இப்பவே போவாணாம்மா. இந்தாண்டயே இரு."

எட்டு மாதமாக எல்லோருக்கும் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தவள், அவர் முன்னால் ஓவென்று அழுதேன். அவரும் அழுதார். பிறகு அவரே குழம்பைச் சுட வைத்து இரண்டு தட்டு எடுத்து வைத்தார்.

இந்த ஞாயிறு பூசைக்கு வருவாரா? தெரியாது, நான் கேட்கவும் போவதில்லை. ஆனால் அவரைத் தனியாகச் சாப்பிட விடமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு, இதில் தவறமாட்டேன். மற்றபடி எனக்கு அவசரம் ஒன்றுமில்லை அக்கா, மெதுவாகத்தான் வருவேன். அதுவரை அந்த ஊரில் எந்தத் தெரு எங்கே போகிறது என்று நன்றாகப் பார்த்து வை. எனக்குத் தாவத் தெரியாது என்பது உனக்குத் தெரியும்.

இக்கரையில் இருக்கும்
உன் தங்கச்சி,
ஆக்னஸ்