பதினோராவது பட்டை

கோஸ்போர்ட்
3 பிப்ரவரி 1961

அன்புள்ள கேப்டன் அவர்களுக்கு,

இங்கு நலம். நீங்களும் உங்கள் மூட்டுவலியும் ஒருவரையொருவர் சகித்துக்கொண்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போர் முடிந்ததிலிருந்து என் மீன் வறுவல் கடைச் சுவரில் தொங்கும் நம் மண்டையோட்டுக் கொடியை இங்குள்ள அருங்காட்சியகத்தார் கேட்கிறார்கள். மால்டா துறைமுகத்துக்குத் திரும்பும்போதெல்லாம் நம் நீர்மூழ்கியில் ஏற்றுவோமே, அதே கொடிதான். நாம் மூழ்கடித்த கப்பலுக்கு ஒன்றாக நான் தைத்த வெள்ளைப் பட்டைகள் பதினொன்றும் பத்திரமாக இருக்கின்றன. மார்ச் 18 விழா. நீங்கள் அவசியம் வர வேண்டும். "அதுல மீன் நாத்தம் முழுசா ஏறுறதுக்குள்ள குடுத்துத் தொலைங்க" என்கிறாள் என் மனைவி நோரா.

உங்கள் பழைய சிக்னல்காரன்,
பெர்சி ஹாட்ஜ்

பிரிட்போர்ட்
9 பிப்ரவரி

அன்புள்ள பெர்சி,

கொடியைக் கொடு, நல்ல காரியம். ஆனால் கொடுக்குமுன் கடைசிப் பட்டையைப் பிரித்துவிடு. அந்தக் கப்பல் மூழ்கியது உறுதியாகவில்லை. பத்து போதும். விழாவுக்கு என்னால் வர இயலாது. நோராவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ஆம்ப்ரோஸ் கெல்லவே

கோஸ்போர்ட்
12 பிப்ரவரி

அன்புள்ள கேப்டனுக்கு,

உங்கள் கடிதத்தை அடுப்படியில் நின்று படித்தேன். ஒரு சட்டி மீன் கருகிப்போயிற்று.

உறுதியாகவில்லையா? பெரிஸ்கோப்பில் கண்ணை வைத்திருந்தது நீங்கள். "போயிருச்சுப்பா, மொத்தமாப் போயிருச்சு" என்று எங்களிடம் சொன்னதும் நீங்கள். அதற்கப்புறம் மூன்று மணி நேரம் எதிரி நம் தலைமேல் ஆழ்குண்டு போட்டான். முதல் குண்டுக்கு நம் படகு லென் டகெட், "மெதுவாத் தட்டுங்கப்பா, வீட்ல ஆளு இருக்கோம்ல" என்றான். நான்காவது குண்டு அவனைத் தூக்கி இரும்பு வால்வில் அடித்தது. என் மடியில்தான் செத்தான்.

அந்தப் பட்டையை நான் அவனுக்காகத் தைத்தேன். அவன் தங்கை ஐவி வெள்ளிக்கிழமைதோறும் கடைக்கு வருகிறாள். "பதினோராவது உங்க அண்ணனோடது" என்று நான்தான் அவளிடம் சொல்லியிருக்கிறேன். விழாவுக்கென்று புதுத் தொப்பி வாங்கிவிட்டாள். நான் கொடியைத் தொட மாட்டேன்.

பெர்சி

பிரிட்போர்ட்
19 பிப்ரவரி

பெர்சி,

உன்னோடு வாதாடவில்லை, கேட்டுக்கொள்கிறேன். நம் நீர்மூழ்கிப் படகுக்கு அன்று நான்தான் பொறுப்பு. பிரித்துவிடு.

ஆ. கெ.

கோஸ்போர்ட்
23 பிப்ரவரி

கேப்டன்,

கட்டளை போட இது படகு இல்லை, என் கடை. கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக இருக்கிறீர்கள். அந்தப் பயணத்துக்காகத்தானே அரண்மனையில் கூப்பிட்டு இரண்டாவது பதக்கம் கொடுத்தார்கள்? பட்டை பொய் என்றால் பதக்கம் மட்டும் மெய்யா?

"பெரிய மனுசங்க அப்படித்தான், விடுங்க" என்கிறாள் நோரா. விட முடியவில்லை. எரிச்சலாக வருகிறது. உங்களை நம்பித்தான் அத்தனை மாதம் தண்ணீருக்கடியில் மூச்சு விட்டேன். எனக்குக்கூடச் சொல்லக்கூடாத காரணம் அப்படி என்ன?

பெர்சி

பிரிட்போர்ட்
1 மார்ச்

அன்புள்ள பெர்சி,

சரி, சொல்கிறேன். கப்பல் மூழ்கியது உண்மைதான். அதிலிருந்து கடலில் குதித்தவர்கள் காக்கி அரைக்கால்சட்டை போட்டிருந்தார்கள். இத்தாலியச் சிப்பாய்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மால்டா திரும்பிய மூன்றாம் நாள் மேலதிகாரி கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "நம்ம பசங்கப்பா. பாலைவனத்துல பிடிபட்டு, எதிரி இத்தாலிக்கு ஏத்திட்டுப் போன கைதிங்க. முன்னூறு பேருக்கு மேல. உனக்கு எப்படித் தெரியும், உம்மேல தப்பில்ல. வெளிய மூச்சு விடாத" என்றார்.

படகுக்கு வந்தேன். லென் போன துக்கத்தில் தள்ளிப்போட்ட பட்டையை நீ மேல்தளத்தில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாய். "நேரா இருக்கா கேப்டன்?" என்றாய். "இருக்கு" என்றேன். அன்றே பிரிக்கச் சொல்லியிருக்கலாம். காரணம் கேட்பாய் என்று பயந்தேன். பதக்கத்தையும் அதே பயத்தில்தான் வாங்கிக்கொண்டேன். இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. வெட்கமாக இருக்கிறது பெர்சி. அந்த முன்னூறு பேரை வெற்றி என்று எண்ணி ஊர் பார்க்க மாட்டி வைக்காதே.

ஆம்ப்ரோஸ்

கோஸ்போர்ட்
10 மார்ச்

அன்புள்ள கேப்டனுக்கு,

இன்று காலை கடை திறக்குமுன் பட்டையைப் பிரித்தேன். நூல் சிரமமில்லாமல் வந்தது.

ஆனால் இத்தனை வருட ஜன்னல் வெளிச்சத்தில் அந்தக் கறுப்புக் கொடி முழுவதும் சாம்பலாக வெளுத்திருக்கிறது. பட்டை இருந்த இடம் மட்டும் கன்னங்கரேலென்று புதுத் துணியாக நிற்கிறது. தெருவிலிருந்து பார்த்தாலும் பத்து வெள்ளை, ஒன்று கறுப்பு என்று எண்ணிவிடலாம். நோரா எட்டிப் பார்த்து, "முன்னைவிட இப்பத்தாங்க கண்ணுல படுது" என்றாள்.

இது ஏன் என்று எல்லோரும் கேட்பார்கள். முதலில் ஐவி கேட்பாள். அண்ணன் எதற்காகச் செத்தான் என்று அவளிடம் நான் எந்த வாயால் சொல்வேன்? உங்கள் மேல் கோபமா, இரக்கமா என்று எனக்கே பிடிபடவில்லை. இரண்டும்தான். ஊசியும் நூலும் மேசைமேல் இருக்கின்றன. மறுபடி தைத்துவிடவா? உடனே பதில் போடுங்கள்.

பெர்சி

பிரிட்போர்ட்
13 மார்ச்

அன்புள்ள பெர்சி,

தைக்காதே. அப்படியே கொடு.

17ஆம் தேதி பஸ்ஸில் வருகிறேன். முதலில் ஐவி வீட்டுக்குப் போய் நானே சொல்கிறேன். நீ கூட வர வேண்டாம். கதவைச் சாத்தினால் வாசலில் நின்று சொல்கிறேன். மறுநாள் விழாவில் கேட்பவர்களுக்கும் நானே சொல்வேன். கடற்படை என்னை என்ன செய்ய வேண்டுமோ செய்யட்டும்.

அவள் விலாசத்தை மறுதபாலில் அனுப்பு. லென் செத்தபோது இரங்கல் கடிதத்தை அலுவலகத்தில் கொடுத்து அனுப்பச் சொன்னேன். விலாசம் என்ன என்றுகூட அன்று நான் கேட்கவில்லை.

ஆம்ப்ரோஸ்