பானெட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவனுக்கு

என் அன்பு அந்தோணிக்கு,

வீட்டில் உன்னை 'என்னங்க' என்பேன், கடையில் 'யோவ்' என்பேன். இதை நம் கார் ரிப்பேர் கடையில் உட்கார்ந்து எழுதுவதால் 'நீ' என்றே இருக்கட்டும். உங்கம்மா படித்தால் திட்டுவார், பரவாயில்லை.

நீ போன பிறகு எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் சங்கடம். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். உன் முப்பதாம் நாள் பூசையில் எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். நானோ கோயிலுக்கு வெளியே ஏதோ ஒரு காரின் இஞ்சின் மிஸ் ஆவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வந்தவர்கள் என் கையைப் பிடித்து அழுதார்கள், நான் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படி இருக்கிறேன்.

உன் தம்பி அருள் ஒரு முடிவோடு வந்தான். "அண்ணி, இது ரெண்டு ஆள் வேலை. ஒருத்தர் ஒயர ஆட்டணும், ஒருத்தர் ஸ்கேனரப் பார்க்கணும். நீங்க ஒண்டியா இன்னா பண்ணுவீங்க? கடைய வுட்டுடலாம். ஓனராண்ட நானே பேசிக்கிறேன்" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்கிறேன் என்றேன். சரி என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன்.

அதற்குள் ஒரு கார் வந்துவிட்டது. மயிலாப்பூர் மாமி ஒருவர், இப்போது பெசன்ட் நகரில் கடலைப் பார்த்த தெருவில் மகளோடு இருக்கிறார். வண்டி ஓடும்போதே திடீரென்று நின்றுவிடுகிறதாம், கொஞ்ச நேரம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல் கிளம்புகிறதாம். வேறு ஒரு கடையில், இஞ்சினின் மூளையான ஈ.சி.எம்மே போய்விட்டது, மாற்றியே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். "உங்காத்துக்காரர் எங்கேம்மா? அவர் ஒரு தடவை பார்த்துட்டா தேவலை" என்றார். நீ இல்லை என்பதைச் சொன்னேன். அடடா என்று என் தோளைத் தொட்டவர், கையை எடுக்கவே இல்லை.

ஸ்கேனரை மாட்டினேன். ஈ.சி.எம்மோடு பேசியது, பேசிக்கொண்டிருக்கும்போதே தொடர்பு இல்லை என்று காட்டியது. இஞ்சினின் மூளை செத்துவிட்டது என்று சொல்வதற்கு முன்னால் அதற்குக் கரண்டும் எர்த்தும் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க வேண்டும். நமக்குத் தெரியாததா? இருந்தும், மாற்றித்தான் ஆகணும் மாமி என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லிவிட்டால் வண்டி போய்விடும், நானும் ஷட்டரை இறக்கிவிடலாம்.

ஏன் சொல்லவில்லை என்று இப்போதும் தெரியவில்லை. மாமியை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, "இந்த ஸ்கிரீனையே பார்த்துகினு இருங்க. எழுத்து போச்சுன்னா கத்துங்க" என்றேன். மாமி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சாவியைத் திருப்பிவிட்டு, என் இடத்தில் உட்கார்ந்தார்.

நான் பானெட்டைத் திறந்து உன் இடத்துக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் இந்த வேலைக்கு நான் அங்கே நின்றதே இல்லை. நீ ஒயரை ஆட்டிவிட்டு, "இன்னா காட்டுது? எழுத்து கீதா இல்ல போச்சா? சொல்லு ரெஜி" என்று கத்துவாய். நான் உள்ளேயிருந்து பதில் கத்துவேன். நான் சொல்லும்வரை அடுத்த ஒயரைத் தொடமாட்டாய். புருஷன் பெண்டாட்டி சண்டை ஆரம்பித்துவிட்டது என்று தெருவே கேலி செய்யும்.

ஒயர்க் கட்டை ஒவ்வொரு இடமாக ஆட்டிக்கொண்டே வந்தேன். பேட்டரிக்குக் கீழே எர்த் ஒயர் முடுக்கியிருந்த இடத்தில் கை பட்டதும், என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்த ரிலே சுவிட்ச் 'டிக்'கென்றது. அதற்கப்புறம்தான் உள்ளேயிருந்து மாமி, "போயிடுத்தும்மா! எல்லாம் போயிடுத்து!" என்றார். மறுபடி ஆட்டினேன். டிக். "வந்துடுத்து!"

கடல்காற்றில் உப்பேறி அந்த போல்ட் வெள்ளையாகப் பூத்திருந்தது. எர்த் விட்டு விட்டுப் போனால் ஈ.சி.எம் என்ன செய்யும் பாவம்? சுரண்டித் தேய்த்து முடுக்கினேன். அப்புறம் எவ்வளவு ஆட்டியும் ஸ்கிரீன் அணையவில்லை. மாமி வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அவர் போன பிறகுதான் அந்த 'டிக்' எனக்கு உறைத்தது.

அந்தச் சத்தம் உள்ளே இருப்பவளுக்குக் கேட்காது, அந்தோணி. வெளியே நிற்பவனுக்கு அவள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே தெரிந்துவிடும். எல்லா வண்டியிலும் ரிலே அடிக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடித்த வண்டிகளிலும் என்னைக் கேட்டாயே? வெயிலில் குனிந்து, சூட்டில் கை வைத்தபடி, தெரிந்த பதிலுக்காக நின்றாயே? நான் ஏதோ பெரிய கண்டுபிடிப்பு மாதிரி கத்தும்போதெல்லாம், "அப்டிப் போடு" என்று சிரிப்பாயே, அது எதற்கய்யா?

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கிரீஸ் கையோடு அழுதேன். முதல் தடவையாக.

ஞாயிறு வரை காத்திருக்காமல் அருளிடம் சொல்லிவிட்டேன். "கடை இருக்கட்டும். ஒயர நான் ஆட்டுறேன். உள்ள உட்கார ஒரு ஆள் பாரு" என்றேன். அவன் ஸ்கேனரைக் கையில் எடுத்துப் பார்த்தான். பிறகு, "நானே வந்து குந்தறேன் அண்ணி" என்றான்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உள்ளே யார் உட்கார்ந்தாலும், அந்த 'டிக்' எனக்கு முன்னாலேயே கேட்டுவிட்டாலும், என்ன காட்டுகிறது என்று கேட்பேன். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை அடுத்த ஒயரைத் தொடமாட்டேன்.

உன் மனைவி,
ரெஜினா