சஞ்செ மல்லிகெ

வெள்ளிக்கிழமை, இரவு.

பக்கத்து வீட்டு மஞ்சுளா கன்னடக்காரி. "சஞ்செ மல்லிகெ, அக்கா. சாயந்தரம் விரிஞ்சா ராத்திரி பூரா வாசனை" என்று மிளகு போலக் கொஞ்சம் விதை கொடுத்தாள். மல்லிகை எங்கே விதையில் முளைக்கும்? அப்போதே எனக்குச் சந்தேகம். இருந்தும் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றி வளர்த்தேன். இன்று சாயங்காலம் முதல் பூ விரிந்தது. பார்த்தால் வெறும் அந்திமந்தாரை! ஏமாற்றிவிட்டாளே என்று வாசலில் நின்று கத்தினேன்.

டூட்டி முடிந்து வந்த என் வீட்டுக்காரர் சிரித்தார். "அவ ஒண்ணும் ஏமாத்தலடி. கன்னடத்துல அந்திமந்தாரைக்கு அதான் பேரு."

சரி, மஞ்சுளா நல்லவளாகவே இருக்கட்டும். ஊத்தங்கரையிலிருந்து ஓசூருக்கு வந்து இத்தனை வருஷமாகியும் கன்னடத்தில் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாத மனுஷன் இவர். பூவின் பெயரை மட்டும் எவள் சொல்லிக்கொடுத்தாள்?