விவரப் பத்தியில் ஒரு சொல்

லீலாவின் வண்டி, நடக்க இயலாதவருக்கான ஊர்தி. சுங்க மேல்முறையீட்டு உத்தரவின் கடைசிப் பக்கம் அப்படித்தான் சொல்கிறது. நகல் இன்று காலை உன் ஆபீஸ் மின்னஞ்சலுக்கு வந்தது. உன் மகள் அச்செடுத்துக் கொண்டுவந்து தந்தாள். சுங்க அலுவலகத்துக்குப் போன் செய்து உத்தரவு எண்ணையும் சரிபார்த்துவிட்டேன். முதலில் உனக்குத்தான் சொல்லியிருப்பேன். நீ இறந்து நான்கு மாதம் ஆகிறது. அதனால் எழுதுகிறேன்.

நகலோடு உன் கட்டண அட்டவணைப் புத்தகத்தையும் அவள் தந்துவிட்டுப் போனாள். எண்பத்தேழாம் அத்தியாயத்தில் பென்சில் செருகியபடியே இருக்கிறது. தம்பானூர் மாடி ஆபீஸில் முப்பது வருடம் இறக்குமதிப் படிவங்கள் நிரப்பிய சுங்க முகவர் நீ. அந்த அத்தியாயத்தைத் திறக்காமலே ஒப்பிப்பாய்.

பழவங்காடி கணபதி கோயிலுக்கு எதிரே பக்தர்கள் உடைக்கும் தேங்காய்களை லீலா விற்கிறாள். சிறு வயதில் போலியோ வந்து கால்கள் ஓய்ந்தவள். விடியற்காலையில் ஆட்டோ வந்தால்தான் கடை. ஆட்டோ பிந்தினால் கோயில் கூட்டம் பக்கத்துக் கடைக்குப் போய்விடும். ஷார்ஜாவில் இருக்கும் தம்பி, பேட்டரியில் ஓடும் வண்டி ஒன்றை விமானத்தில் அனுப்பியபோது, இனி யாருக்கும் காத்திருக்க வேண்டாம் என்று நினைத்தாள்.

படிவத்தில் எண்ணைச் சரியாகத்தான் போட்டாய்: எண்பத்தேழு பதின்மூன்று, நடக்க இயலாதவருக்கான ஊர்திகள். பொருள் விவரப் பத்தியில் மட்டும், லீலா சொன்னபடியே, ஆங்கிலத்தில் 'மூன்று சக்கர ஸ்கூட்டர்' என்று எழுதிவிட்டாய். நம் ஊரில் முச்சக்கர ஸ்கூட்டர் என்றால் அது நடக்க முடியாதவர் ஓட்டுவது என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். படிவத்தைப் பார்த்த அலுவலர் வடக்கே எங்கிருந்தோ வந்தவர். ஸ்கூட்டர் என்ற சொல்லைப் பார்த்தார். மோட்டார் சைக்கிள்கள் அடங்கும் எண்பத்தேழு பதினொன்றுக்கு மாற்றினார். இறக்குமதித் தீர்வை அவளுக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. வண்டி கிடங்கில் நின்றது.

அன்று மாலை உன் மாடிப்படிக்குக் கீழே உள்ள டீக்கடையில் படிவத்தின் நகலை என் முன் வைத்தாய். பிறகு பாதி மலையாளத்தில் சொன்னாய்: "எடே, நம்பர் பிழைக்கல்ல. வாக்கு பிழைச்சுப் போச்சு." வாக்கு என்று நீ சொன்னது, விவரத்தில் வந்த அந்தச் சொல்லை.

நான் நிருபராக இருக்கும் பத்திரிகையில் ஒரு வரி எழுதச் சொன்னாய். உத்தரவு வரும்வரை அது செய்தி இல்லை என்றேன்.

"நீ எல்லாம் முடிஞ்ச பெறவு வாற ஆளு," என்றாய். "போலீஸ் கூட கொஞ்சம் முன்ன வரும்."

ஆனாலும் மேல்முறையீட்டு மனுவை என்னிடம்தான் காட்டினாய். பதின்மூன்றாம் தலைப்பின் வாசகத்தில், மோட்டார் பொருத்தியிருந்தாலும் இல்லாவிட்டாலும் என்ற பகுதிக்கு அடிக்கோடு இட்டிருந்தாய். அந்த ஒரு வரியே வழக்கு என்றாய். எனக்கு உறுத்தியது முதல் பத்தி. விவரத்தில் வந்த சொல் தன் பிழை என்றும், அந்தச் சொல்லுக்கு இந்த ஊரில் என்ன பொருள் என்றும் எழுதியிருந்தாய். குற்றத்தை ஒப்புக்கொண்டா மனுவைத் தொடங்குவார்கள், அதை எடுத்துவிடு என்றேன்.

"அதை மறைச்சா மிச்சத்தை அப்பீல் அதிகாரி ஏன் நம்பணும்?" என்று கேட்டுவிட்டு, எடுக்காமலே அனுப்பினாய்.

விசாரணை போனில், வீடியோ வழியாக நடந்தது. லீலாவால் மாடி ஏற முடியாது என்று மேசையையே டீக்கடை வாசலுக்கு இறக்கினாய். பிஸ்கட் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்தாய். இந்த வண்டியில் வேறு யாரையாவது ஏற்றிச் செல்ல முடியுமா என்று அதிகாரி கேட்டார். நீ மொழிபெயர்த்தாய். லீலா உன்னைப் பார்த்துச் சொன்னாள்: "என்னைய ஏத்திக்கிட்டுப் போகத்தான் அண்ணாச்சி ஆளில்ல. நான் யாரை ஏத்த?"

அதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னாய். திரையில் அதிகாரி தலைகுனிந்து எதையோ எழுதினார். மூன்று வாரம் கழித்து உனக்கு நெஞ்சுவலி வந்தது.

உத்தரவை இன்று இரண்டு முறை படித்தேன். பக்கவாட்டில் திரும்பும் இருக்கை, கைப்பிடிகள், நடை வேகத்துக்கு மேல் போகாத மோட்டார் என்று நீ அடுக்கியவை எல்லாம் இருக்கின்றன. அவற்றுக்கு முன்பே, மூன்றாம் பத்தியில், விவரத்தில் வந்த சொல்லைப் பற்றி முகவர் அளித்த நேரடியான விளக்கம் ஏற்கப்படுகிறது என்று ஒரு வாக்கியம். நான் எடுக்கச் சொன்ன பத்திதான் அது.

மத்தியானம் செய்தியை எழுத உட்கார்ந்தேன். தலைப்பில் என் கையும் 'ஸ்கூட்டர்' என்றே எழுதியது. உன் பென்சிலை எடுத்து அந்தச் சொல்லை அடித்தேன். ஊர்ச் சொல் ஒன்றை எழுதும்போதெல்லாம் இதை வெளியூர்க்காரர் எப்படிப் படிப்பார் என்று இப்போது ஒரு கணம் நிற்கிறேன். அந்த நிறுத்தம் உன்னுடையது.

வண்டி இன்னும் கிடங்கில்தான். உத்தரவை எதிர்த்து சுங்கத் துறை மேலே போக அவகாசம் உண்டு; போவார்களா என்று யாரும் சொல்லவில்லை. வண்டியை விடுவிக்க ஒரு கையெழுத்து பாக்கி, வியாழக்கிழமைக்குள் ஆகிவிடும் என்கிறார் கிடங்கு அலுவலர். இதை அப்படியே லீலாவிடம் சொல்லி, உறுதி இல்லை என்றும் சொன்னேன். அவள் தேங்காய்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை முதல் வர வேண்டாம் என்று ஆட்டோக்காரரிடம் ஏற்கெனவே சொல்லியாயிற்றாம்.

"அண்ணாச்சி எழுதின பேப்பராக்கும் சாரே," என்றாள். "வரும்."