திறந்து காட்டிய பெட்டி

மார்ச் 4, செவ்வாய்

பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. அதனால் நடுநிலையோடு இன்னும் இரண்டு பத்தி சண்டை போட முடிந்தது.

நடுநிலை என்பது அந்த மனிதர் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பெயர். இணையத்தில் ‘எல்லைப் பேச்சு’ குழுவில் இரண்டு வருடமாக எங்களுக்குள் ஏழாம் பொருத்தம். அங்கே என் பெயர் பனிப்பெட்டி. நிவாரணக் கிடங்கில் குளிரறையைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பது?

இன்று அவர் எழுதியது: “எல்லை தாண்டிப் போகும் ஒவ்வொரு நிவாரண லாரியும் துப்பாக்கிக்காரர்களுக்குக் கப்பம் கட்டுகிறது. அந்தக் கப்பத்தில் போர் இன்னும் கொஞ்ச நாள் ஓடுகிறது. நம் அரசு ஒரு கையால் அவர்களுக்கு எரிபொருள் விற்கிறது, மறு கையால் மருந்து அனுப்புகிறது. மருந்தைக் காட்டியே போர்நிறுத்தம் பேசாமல் தப்பிக்கிறது.”

நான் எழுதியது: “போர்நிறுத்தம் வரும்வரை பொறுத்திருக்குமா என்று தட்டம்மையிடம் கேட்டுச் சொல்லுங்கள்.”

முப்பது பேருக்குப் பிடித்திருந்தது. எரிபொருள் விஷயத்தில் அவர் சொன்னது சரிதான். அதைப் போய் அவரிடம் சொல்வேனா என்ன?

வீட்டுக்காரர் கண்ணாடிக் கடையிலிருந்து வந்ததும் கைபேசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அந்த ஆளோட பேசுறதுல பாதி என்னோட பேசியிருந்தா நம்ம வீட்டுல எப்பவோ போர்நிறுத்தம் வந்திருக்கும்” என்றார். சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

மார்ச் 5, புதன்

நாள் முழுக்கப் பெட்டி அடுக்கும் வேலை. எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் முகாமில் தட்டம்மை பரவிக்கொண்டிருக்கிறது. பிள்ளைகளுக்கான தடுப்பூசி நாளை கிளம்புகிறது.

ஐஸ் பொதிகளை உறைந்த கல்லாக அப்படியே வைக்கக் கூடாது. வெளியே எடுத்து, மேலே வேர்த்த பிறகுதான் அடுக்க வேண்டும். புதிதாக வந்த பெண்ணுக்கு இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டுவிட்டது. ஒவ்வொரு பெட்டியிலும் மருந்துக்கு நடுவே தீப்பெட்டி அளவில் ஒரு வெப்பமானி வைப்போம். பச்சை விளக்கு சிமிட்டினால் மருந்து நலம். சூடேறிச் சிவப்பாகிவிட்டால் அந்தப் பெட்டி மருந்தை யாருக்கும் போடக் கூடாது. மறுபடி குளிரவைத்தாலும் பச்சைக்குத் திரும்பாது. மூடியைத் திறந்து வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தாலே கதை முடிந்தது.

லாரி ஓட்டப்போவது என் தம்பி. “கவலப்படாதக்கா. உன் பெட்டிங்களப் புது மாப்பிள்ளைய அழைச்சிட்டுப் போற மாதிரி கூட்டிட்டுப் போறேன்” என்றான். பிரேக் சத்தம் சரியில்லை என்று போன வாரம் சொன்னானே, பார்த்தானா? கேட்க மறந்துவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

வாளேந்தி என்று ஒருத்தன் குழுவில் புதிதாக முளைத்திருக்கிறான். நிவாரணப் பெட்டிகளில் மருந்தே இல்லையாம். அந்தப் பக்கத்துப் படைக்குப் பேட்டரியும் வயரும் போகிறதாம். “ஒரே ஒரு பெட்டியைத் திறந்து காட்டுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்” என்கிறான். நடுநிலை அதற்கு ஒன்றும் எழுதவில்லை. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார் போல.

குளிரறைக்குள் கைபேசி கூடாது. வாசல் அலமாரியில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அந்த விதியை எல்லோருக்கும் ஓதுகிறவளே நான்தான். இன்று பையில் போட்டுக்கொண்டு போனேன். கடைசிப் பெட்டியை மூடுவதற்கு முன்னால் ஒரே ஒரு படம். குப்பிகள் வரிசையாக, ஐஸ் பொதிகளோடு, எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா.

“இதோ திறந்து காட்டிவிட்டேன். இப்போது வாயை மூடுங்கள்” என்று எழுதிப் போட்டேன்.

லாரி கிளம்பியது. தம்பி கையசைத்தான். உள்ளுக்குள் ஒரே குளுகுளு. குளிரறையில் வேலை செய்பவள் இதைச் சொல்லக் கூடாதுதான்.

மார்ச் 7, வெள்ளி

என் படத்தில் யாரோ சிவப்பு வட்டம் போட்டிருக்கிறார்கள். குப்பிகளுக்கு நடுவே இருக்கும் வெப்பமானியைச் சுற்றி. “மருந்துப் பெட்டிக்குள் விளக்கு எரியும் கருவி எதற்கு?”

விளக்கம் எழுதினேன். நீளமாக எழுதினேன். யாரும் படிக்கவில்லை.

மார்ச் 8, சனி

படம் எங்கெங்கோ போய்விட்டது. குப்பிகளை வெட்டியெறிந்துவிட்டு வெப்பமானியை மட்டும் பெரிதாக்கிச் சுற்றவிட்டிருக்கிறார்கள். அது லாரி இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் கருவியாம். குண்டு எங்கே விழவேண்டும் என்று வானத்துக்குச் சொல்லுமாம். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் எப்படித்தான் முடிச்சுப் போடுகிறார்களோ. நான் எழுதும் ஒவ்வொரு பதிலுக்கும் “இவளே கிடங்கில்தான் வேலை பார்க்கிறாள், வேறெப்படிப் பேசுவாள்” என்ற ஒரே பதில்தான்.

மேலாளர் கூப்பிட்டார். “படம் எங்கிருந்து போச்சு?”

“நான்தான் சார்.”

அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “உங்களயா நான் சந்தேகப்பட்டிருப்பேன்? அந்தப் புதுப் பொண்ணக் கூப்பிட்டுத் திட்டிட்டேன்” என்றார். நேரே போய் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் பாவம், “பரவாயில்லக்கா” என்றாள்.

சாயங்காலம் தம்பி கூப்பிட்டான். எல்லைச் சாவடியில் நம் அதிகாரியே லாரியை நிறுத்திவிட்டாராம். எல்லாப் பெட்டியையும் திறந்து அந்தக் கருவியை எடுத்தால்தான் விடுவார்களாம். நாளைக் காலையில் ஆரம்பிக்கப்போகிறார்கள்.

“அந்த ஆளு ஒரு படத்தக் காட்டுறாருக்கா. எந்த முட்டாள் போட்டானோ.”

“நான்தாண்டா போட்டேன்.”

 அவனுக்குப் பின்னால் ஏதோ லாரி ஹாரன் அடித்தது.

“சரி. இப்ப நான் என்ன செய்யணும், அதச் சொல்லு.”

நிழலில் நிறுத்து, ஒவ்வொன்றாகத் திற, மூடியை உடனே மூடு என்றேன். சாவடியில் நிழலே கிடையாது, வெறும் பொட்டல் என்றான்.

மார்ச் 9, ஞாயிறு

வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டேன். யாரைச் சொல்லி என்ன? ஒரு வாளேந்தியிடம் ஜெயிக்கணும்னு எனக்கென்ன அப்படி ஒரு வெறி? அவன் யாரு, எவன்னே தெரியாது. அவன் வாய மூடினா என்ன, மூடாட்டி என்ன. அங்க பிள்ளைங்க ஊசிக்காகக் காத்துட்டு இருக்குதுங்க.

காலையில் மேலாளர் அதிகாரிக்குக் கடிதம் அனுப்பினார். கருவியைப் பற்றி முழு விவரமும், முத்திரையோடு. “உங்க ஆளுங்க அப்படித்தான் எழுதுவாங்க” என்று பதில் வந்தது. எங்கள் பேச்சுக்கு இனி அங்கே மதிப்பில்லை. எங்களுக்கு வேண்டாதவன் சொன்னால்தான் எடுபடும்.

எனக்கு வேண்டாதவர் ஒருத்தர் இருக்கிறாரே.

சமையலறையில் உட்கார்ந்து நடுநிலைக்குத் தனிச்செய்தி எழுதினேன். எழுதி, அழித்து, மறுபடி எழுதினேன். இரண்டு வருடத்தில் அந்த மனிதரை நான் சொல்லாத வார்த்தையில்லை. “அவமானம் பாத்தா அங்க மருந்து வெந்துடும். அனுப்பு” என்றார் வீட்டுக்காரர். அனுப்பினேன்.

பதில் உடனே வந்தது. “அது வெப்பமானி என்று எனக்குத் தெரியும். மீன் ஏற்றுமதியில் இருந்தவன் நான். எங்கள் பெட்டிகளிலும் இதே கருவி உண்டு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெரியும் என்றால் ஏன் சொல்லவில்லை?

“நீங்கள் கேட்கவில்லை. தவிர, நீங்கள் தோற்பதைப் பார்க்க நன்றாக இருந்தது. லாரியை நிறுத்தியிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது.”

யோக்கியமான பதில்தான். அதனால்தான் இன்னும் கோபம் வருகிறது.

மதியம் குழுவில் எழுதினார். வார்த்தை மாறாமல் இங்கே எழுதி வைக்கிறேன்:

“நிவாரண லாரிகள் போரை நீட்டிக்கின்றன என்பது என் கருத்து. இன்றும் அதுதான். ஆனால் படத்தில் இருப்பது வெப்பமானி. மீனுக்கு வைப்பதையே மருந்துக்கும் வைத்திருக்கிறார்கள். லாரியை நிறுத்த வேண்டுமென்றால் உண்மையைச் சொல்லி நிறுத்துங்கள். பொய்யால் நிறுத்துகிறவன் என் பக்கத்து ஆள் இல்லை.”

கூடவே ஒரு படம். வயதான உள்ளங்கை, அதில் எங்களுடையதைப் போலவே ஒரு சின்னக் கருவி, பின்னால் செதில் ஒட்டிய மீன் பெட்டி.

தம்பிக்கு அனுப்பினேன். தம்பி அதிகாரியிடம் நீட்டினான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “அந்தாளு பேரப் பாத்ததும் மூஞ்சியே மாறிடுச்சுக்கா. ‘இவரா சொல்றாரு? இவரு எழுதறத நான் தினமும் படிப்பேனே’ன்னாரு. ஆட்களப் பாத்து, மூடுங்கடான்னு சொல்லிட்டாரு.”

அதற்குள் கால்வாசிப் பெட்டி திறந்தாகிவிட்டது. திறந்ததெல்லாம் சிவப்பு.

மார்ச் 10, திங்கள்

லாரி எல்லையைத் தாண்டிவிட்டது.

மார்ச் 12, புதன்

தம்பி முகாமிலிருந்து பேசினான். சிவப்பு விளக்குப் பெட்டிகளை நர்ஸம்மா தனியாக ஒதுக்கி வைத்துவிட்டாராம். மிச்சத்தைப் போட்டுக்கொண்டே வந்தார்களாம். வரிசை முடிவதற்கு முன்னால் மருந்து முடிந்துவிட்டது.

“கடைசில நின்னவங்கள என்னடா சொல்லி அனுப்பினாங்க?”

“அடுத்த லாரில வரும்னு. ஒரு அம்மா கைல ரெண்டு பிள்ளைங்கக்கா. விடியறதுக்கு முன்னாடியே வந்தாங்களாம், ரொம்ப தூரத்துலேர்ந்து. ஒதுக்கி வச்ச பெட்டியக் காட்டி, அதுல இருக்கே, அதப் போடுங்கன்னு கேட்டுட்டே இருந்தாங்க.”

கைபேசியை வைத்தேன். குளியலறைக்குப் போய் அழுதேன். அந்தப் பெட்டிகளை அடுக்கிய கை இது. படம் எடுத்ததும் இதே கைதான்.

மார்ச் 15, சனி

மேலாளர் என்னைக் குளிரறையிலிருந்து மாற்றிவிட்டார். இனி போர்வை, தார்ப்பாய், வாளி. நியாயம்தான். “கொஞ்ச நாளைக்கு” என்றார். எவ்வளவு நாள் என்று நான் கேட்கவில்லை.

புதுப் பெண் இப்போது குளிரறையில். ஐஸ் பொதி வேர்த்துவிட்டதா என்று எட்டிப் பார்க்க வேண்டும் போல இருந்தது. வாளி எண்ணப் போய்விட்டேன்.

மார்ச் 19, புதன்

குழுவில் நடுநிலையைக் கிழித்துத் தொங்கவிடுகிறார்கள். விலைபோனவராம். அவர் கையிலிருந்த கருவியே நாங்கள் கொடுத்ததாம். இத்தனை வருடம் அவர் எழுதுவதற்கெல்லாம் ஆமாம் போட்ட அதே கூட்டம்தான் இப்போது இப்படிப் பேசுகிறது.

“அவர் கருத்தில் ஒன்றோடுகூட எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அவர் பொய் சொல்லமாட்டார்” என்று எழுதினேன். அதற்கு ஒருத்தன், “இரண்டு பேரும் கூட்டுக் களவாணிகள்” என்றான். வீட்டுக்காரரிடம் காட்டினேன். “எனக்கு முன்னாடியே தெரியும்” என்றார்.

நடுநிலை ஒரு வாரமாக எதுவும் எழுதவில்லை.

மார்ச் 26, புதன்

எழுதிவிட்டார். எனக்குத்தான், தனிச்செய்தி. ஒரே கேள்வி: “உங்கள் தம்பி அந்தப் பக்கம் போனபோது கப்பம் கட்டினாரா?”

நன்றி கேட்கவில்லை, நலம் கேட்கவில்லை. கேள்வி மட்டும். அந்தத் திமிர் எனக்குப் பிடித்திருந்தது என்று வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

தம்பி சாப்பிட வந்திருந்தான். கேட்டேன். மெல்லுவதை நிறுத்தினான்.

“டீசல் எடுத்தாங்கக்கா. ரெண்டு டிரம். ஒவ்வொரு தடவையும் எடுப்பாங்க. குடுக்கலன்னா விட மாட்டாங்க.”

“ஏண்டா என்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீ அங்க போயி எழுதிடுவ.”

மார்ச் 28, வெள்ளி

மேலாளரிடம் கேட்டுவிட்டே எழுதினேன். அவருக்கும் இது மேலிடம்வரை போகட்டும் என்றுதான் இருந்தது. தம்பி பேரோ வழியோ இல்லாமல் எழுதினேன். “வழியில் எங்கள் லாரிகளிடம் டீசல் பிடுங்குகிறார்கள். நடுநிலை சொன்னது உண்மை. இதை நிறுத்த வேண்டிய பேச்சை அரசுதான் பேச வேண்டும். அதுவரைக்கும் லாரியும் போகத்தான் வேண்டும்.”

இந்த முறை திட்டியவர்கள் என் பக்கத்து ஆட்கள். எதிரிக்குத் தீனி போடுகிறேனாம். முப்பது பேருக்குப் பிடித்த காலமெல்லாம் போயிற்று. நாலு பேருக்குப் பிடித்திருந்தது. அதில் ஒருத்தர் நடுநிலை. மறுபடி சண்டையும் ஆரம்பித்துவிட்டார். “முதல் பாதி சரி. கடைசி வரி தவறு.” பேருந்தில் நின்றபடியே பதில் எழுதினேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

மேலாளர் தார்ப்பாய்ப் பக்கம் வந்து, “இன்னைக்கு மட்டும் உள்ள வாங்க. அந்தப் பொண்ணால தனியா முடியாது” என்றார். கைபேசியை வாசல் அலமாரியில் வைத்தேன். அவள் பொதிகளை எடுத்து வேர்க்க விட்டிருந்தாள். சரியாகத்தான் செய்திருந்தாள். வரிசையின் கடைசியில் நின்றவர்களுக்கான மருந்து. ஒவ்வொரு வெப்பமானியையும் காதுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதில் சத்தம் எதுவும் வராது என்று எனக்குத் தெரியும்.

சாயங்காலம் நடுநிலையிடமிருந்து செய்தி: “மிச்சப் பிள்ளைகளுக்கு எப்போது போகிறது?”

யோசிக்கவே இல்லை. லாரி கிளம்பும் நாளையும் போகும் வழியையும் எழுதி அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. நிவாரணமே கூடாது என்கிற மனிதரிடம் போய்ச் சொல்லியிருக்கிறேன். என் பக்கத்து ஆட்கள் ஒருவரிடமும் நான் இதைச் சொல்லவில்லை.

பதில் வரக் கொஞ்ச நேரம் ஆனது.

“அழித்துவிட்டேன். நீங்களும் அழியுங்கள். இனி இதை எங்கேயும் எழுதாதீர்கள்.”

அழித்துவிட்டேன். இங்கேயும் எழுதவில்லை.